காலையில் மட்டும் விழுகிற கம்பியூட்டர்: மெமரிக் கோளாறைப் படிப்படியாகப் பிடிக்கும் வழி

ஒரு ஜனவரி மாதம். நுவரெலியாவை அடுத்த நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு டீச்சர் தன் கம்பியூட்டரைப் போர்வையில் சுற்றி த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

“தம்பி, ராத்திரி பத்து மணி வரைக்கும் பேப்பர் அடிச்சேன், ஒன்னும் ஆகல. காலைல போட்டா நீலமாப் போயிருது.”

“விட்டுட்டுப் போங்க டீச்சர், பாத்துருவோம்.”

அன்று நண்பகலில் மெமரி டெஸ்ட் ஓட்டினேன். நான்கு சுற்று, ஒரு பிழையும் இல்லை. மெஷின் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். மறுநாள் ஏழு மணி ஆகுமுன்னே போன் வந்துவிட்டது.

அவர் “காலைல” என்று சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. மலையில் இருக்கிற கம்பியூட்டருக்கு விழுகிற நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தைப் பிடிக்காமல் ரேம் (மெமரிப் பலகை) வாங்கப் போனால் காசுதான் போகும். ஆகவே இந்த வழிகாட்டி ஸ்க்ரூ டிரைவரில் அல்ல, ஒரு கொப்பியில் தொடங்குகிறது.

கொப்பி போடுங்கள்

பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி போதும். கம்பியூட்டர் பக்கத்திலேயே பேனாவோடு வையுங்கள். விழும்போதெல்லாம் நான்கு விஷயம் எழுதுங்கள்: மணி, அப்போது என்ன திறந்திருந்தது, திரையில் என்ன வந்தது, போட்டு எத்தனை நிமிடம் ஆனது. கரண்ட் அடங்கி எரிந்ததா, வெளியே இடி மழையா என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். டீச்சரின் கொப்பியில் இப்படி இருந்தது:

செவ்வாய், 6.10, வேர்ட், மெமரி மேனேஜ்மெண்ட், 8 நிமிடம்.
புதன், 5.50, ஒன்றும் திறக்கவில்லை, பேஜ் ஃபால்ட், 3 நிமிடம்.
வியாழன், 6.40, குரோம், டப்பென்று நின்றது, 12 நிமிடம்.
சனி, காலை போடவில்லை. மாலை 4 முதல் 9 வரை ஒன்றும் ஆகவில்லை.

ஒரு வாரத்துக் குறிப்பு இது. இதை முதலிலேயே பார்த்திருந்தால் எனக்கு ஒரு பயணம் மிச்சம்.

விண்டோஸ் தாங்காமல் நிற்கும்போது வருகிற நீலத்திரை (புதிய விண்டோஸ் 11-இல் அது கறுப்பாக வரும்) கண் இமைக்கும் நேரத்தில் மறைந்து மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் அதைப் படிக்க முடியாது. ஸ்டார்ட்டில் ‘அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடித் திறந்து, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’ என்ற பகுதியின் செட்டிங்ஸில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதற்கு எதிரே உள்ள சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை நீங்கள் அணைக்கும் வரை நிற்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

போட்டோக்களைக் காப்பாற்றுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள்

எதைத் தொடுவதற்கு முன்பும் முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்குக்கு எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொப்பி பண்ணுகிற ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாகத்தான் போகிறது. ரேம் கெட்டிருந்தால் போய்ச் சேர்கிற பிரதியும் கெட்டுப் போகலாம், அதுவும் உங்களுக்குத் தெரியாமலே. ஆகவே மெஷின் ஒழுங்காக ஓடுகிற நேரத்தில் எடுங்கள், எடுத்ததில் சிலவற்றைத் திறந்து பாருங்கள், பழைய பிரதி ஏதும் இருந்தால் அதன்மேல் எழுதாதீர்கள்.

அதே காரணத்தால், கோளாறு தெரியும் வரை விண்டோஸை மறுபடி போடாதீர்கள். “விண்டோஸ் அடிச்சாச் சரியாகிடும்” என்பது நம் பக்கத்தில் எல்லா நோய்க்கும் கொடுக்கப்படுகிற கசாயம். கெட்ட ரேமில் விண்டோஸ் போட்டால் பாதியில் நிற்கும், அல்லது முதல் நாளே ஓட்டையோடு உட்காரும்.

எப்படி விழுகிறது என்று பாருங்கள்

‘மெமரிப் பிரச்சினை’ என்று ஜனங்கள் சொல்வதில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, மெஷின் உயிரோடு இருக்கும், புரோகிராம் மட்டும் மூடிக்கொள்ளும். அல்லது எல்லாம் நத்தையாகி, மௌஸ் கூட நகராது. இது பெரும்பாலும் ரேம் கெட்டதால் அல்ல, போதாததால். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸில் மெமரியைப் பாருங்கள். ‘கமிட்டட்’ என்ற இடத்தில் இரண்டு எண் இருக்கும். முன் எண் பின் எண்ணைத் தொடப் போகிறது என்றால் இடம் தீர்ந்துவிட்டது என்று பொருள். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கிற ஈவென்ட் வியூவரை ஸ்டார்ட்டில் தேடித் திறந்து, சிஸ்டம் பதிவில் 2004 என்ற எண்ணைத் தேடினால் அந்த நேரத்தில் அதிகமாக விழுங்கிய புரோகிராம்களின் பெயரே இருக்கும். 4 ஜிபி மெஷினில் ஒரு பக்கம் ஜூம் வகுப்பு, இன்னொரு பக்கம் குரோமில் இருபது டேப் என்றால் அது ஆச்சரியமில்லை.

இந்த வகைக்குச் செய்ய வேண்டியவை சுருக்கமானவை. சி டிரைவில் இடம் விடுங்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எழுதிவைக்கிற பேஜ் ஃபைலுக்கு வளர இடம் வேண்டும். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை நிறுத்தியிருந்தால் திரும்பப் போடுங்கள். 8 ஜிபி போட்டும் மூன்று சொச்சம்தான் வேலை செய்கிறது என்றால் உள்ளே இருப்பது 32 பிட் விண்டோஸாக இருக்கலாம், அதற்கு 4 ஜிபிக்கு மேல் எட்டாது. அப்புறம், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ஷட் டவுன்’ என்பது முழுமையான அணைப்பு அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்வரை உள் பகுதி அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டு மறுநாள் எழுப்பப்படுகிறது. மெல்ல மெல்ல மெமரியைக் கசியவிடும் டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கிற புரோகிராம்) ஒன்று இருந்தால் அந்தக் கசிவும் கூடவே எழும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் ‘அப் டைம்’ பத்து நாள் என்று காட்டினால் ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது வகை, எந்த எழுத்தும் காட்டாமல் டப்பென்று கறுப்பாகி மறுபடி எழுவது. ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண்ணோடு ‘கெர்னல் பவர்’ என்று ஒரு பதிவு இருக்கும். அதன் விவரத்தில் ‘பக்செக் கோட்’ பூச்சியமாக இருந்தால், விண்டோஸுக்கு ஒரு வார்த்தை எழுதவும் நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பவர் சப்ளை, பிளக், சூடு, கரண்ட் இவற்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள். மாலை ஆறு, ஏழு மணிக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்க லைட்டும் ஹீட்டரும் போடுகிற நேரத்தில் மட்டும் இப்படி ஆகிறதென்றால், 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் எவ்வளவு வருகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது நீலத்திரை. இதில் கொஞ்சம் நிற்போம்.

நீலத்திரை சொல்வது

‘மெமரி மேனேஜ்மெண்ட்’ என்று வந்ததும் ரேம்தான் என்று முடிவு கட்டாதீர்கள். அது ரேமாகவும் இருக்கலாம், மோசமான டிரைவராகவும் இருக்கலாம். ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா’, ‘ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல்’ இரண்டும் அப்படியே. ‘கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்’ என்றால் ரேமை விட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க்கையும் அதன் வயரையும் முதலில் பாருங்கள்.

ஒரு நீலத்திரையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஐந்தாறை வைத்து நிறையச் சொல்லலாம். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு சிறு ஃபைல் சேரும். ‘புளூஸ்கிரீன்வியூ’ என்ற இலவசப் புரோகிராம் அவற்றை வரிசையாகக் காட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் பெயர் வந்தால் குற்றவாளி அந்த டிரைவராக இருக்க வாய்ப்பு அதிகம்: வைஃபை, கிராஃபிக்ஸ், ஆன்டிவைரஸ் இவற்றில் ஒன்று. அதை நீக்கிவிட்டு, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். இன்று ஒன்று, நாளை இன்னொன்று, காரணமும் மாறி மாறி வருகிறது என்றால், அடியில் ஏதோ ஆடுகிறது. டீச்சருடையது இந்த ரகம்.

மூடியைத் திறக்குமுன் பயோஸில் (விண்டோஸ் வருமுன் திறக்கிற செட்டிங்ஸ் திரை) இரண்டு பார்வை. ‘எக்ஸ்எம்பி’ போட்டு ரேமை வேகமாக ஓட்டியிருந்தால் அதை நிறுத்துங்கள். திகதியும் நேரமும் பழைய வருடத்துக்குப் போயிருந்தால் எல்லாப் பாகமும் ஏறியிருக்கிற பெரிய பலகையான மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றுங்கள். செட்டிங்ஸ் தினமும் கலைகிற மெஷினில் மேற்கொண்டு எதைச் சோதித்தாலும் வீண்.

மூடியைத் திறந்தால்

பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் கரண்ட் வடியும். கேசிங்கின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆளைத் தூக்கி எறிகிற கரண்ட் நிற்கும்.

கொழும்பில் திறக்கிற மெஷினும் இங்கே திறக்கிற மெஷினும் ஒன்றல்ல. விறகடுப்புப் புகை உள்ளே போய், ஈரத்தில் ஊறி, ஃபேன் இதழில் கறுப்புப் பசையாக ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது. பவர் சப்ளை ஓட்டை வழியாகப் பல்லி போய் முட்டை வைத்திருக்கும். கூரைத் தகரம் விடியற்காலையில் உள்பக்கமாக வியர்த்துச் சொட்டுகிற வீடுகளில், கேசிங்கின் மேல் துருப்பொட்டு வரிசையாக இருக்கும். அந்த வரிசையைப் பார்த்தாலே தகரத்தின் நெளிவு எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். மேசையை இரண்டடி தள்ளிப் போட்டால் பாதிப் பிரச்சினை போகிற வீடுகளும் உண்டு.

ரேமைக் கழற்ற, இரண்டு பக்கத்துக் கொக்கியையும் வெளியே தள்ளுங்கள், தானே எழும்பும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி. பொன் நிறக் கால்களைக் கையால் தொடாமல் ஓரத்தைப் பிடியுங்கள். தங்க முலாம் துருப்பிடிக்காது. அதன்மேல் படிகிற புகைப் படலமும் விரல் எண்ணெயும்தான் தொல்லை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் மெத்தென்ற வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் இரண்டு இழுப்பு, மெதுவாக. அழுத்தித் தேய்த்தால் முலாமே போய்விடும். ரப்பர்த் தூள் ரேம் செருகுகிற ஸ்லாட்டில் விழாமல், போர்டுக்கு அப்பால் வைத்துச் செய்யுங்கள். ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் தட்டுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். திருப்பிப் போடும்போது ‘க்ளிக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும்.

குளிர் அறையில் கிடந்த மெஷினை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்த உடனே போடாதீர்கள். கண்ணாடி போட்டவர் தேத்தண்ணிக் கோப்பை மேல் குனிந்தால் கண்ணாடிக்கு ஆவது போல போர்டுக்கும் ஆகும். இரண்டு மணித்தியாலம் சும்மா விடுங்கள்.

சுத்தம் செய்து திருப்பிப் போட்டதிலேயே நிறைய மெஷின்கள் சரியாகிவிடும். கொப்பியை மூடாமல் இன்னும் ஒரு வாரம் பாருங்கள்.

டெஸ்ட்: விழுகிற நேரத்தில்

விண்டோஸுக்குள்ளேயே ஒரு டெஸ்ட் இருக்கிறது. ஸ்டார்ட்டில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடி, ரீஸ்டார்ட் கொடுங்கள். ஓடத் தொடங்கியதும் எஃப்1 அழுத்தி ‘எக்ஸ்டெண்டட்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். முடிவு திரையில் ஒரு நொடி வந்து போகும், பெரும்பாலும் தவறவிடுவோம். ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் ‘மெமரி டயக்னாஸ்டிக்ஸ் ரிசல்ட்ஸ்’ என்று தேடினால் கிடைக்கும். பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்றால் அவ்வளவு நம்ப வேண்டாம்.

நம்பகமானது ‘மெம்டெஸ்ட்86 பிளஸ்’. இலவசம். வேறு மெஷினில் ஒரு பென் டிரைவில் எழுதி (அதிலிருந்தது எல்லாம் அழிந்துவிடும்), அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் பயோஸில் ‘செக்யூர் பூட்’ என்ற காவலை நிறுத்த வேண்டி வரலாம். உங்கள் மெஷினில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்துங்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டுக்குள் நீங்களே போக முடியாது. குறைந்தது நான்கு சுற்று ஓட்டுங்கள். ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை பூச்சியம். “ஒன்னுதானே” என்று விடக்கூடாது.

இதை எந்த நேரத்தில் ஓட்டுகிறோம் என்பதில்தான் நான் சறுக்கினேன். கொப்பி காலை என்று சொன்னால், இரவு முழுக்க அணைத்துக் குளிரவிட்ட மெஷினில், அந்த அறையிலேயே, அதே பிளக்கில், விடியற்காலையில் ஓட்டுங்கள். மாலை என்று சொன்னால் மாலையில். மேசையை மாற்றினாலும் சாட்சி கலைந்துவிடும்.

ரேமா, ஸ்லாட்டா?

பிழை வந்ததா, ஒரு ரேமை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றுங்கள். ரேம்களின் மேல் பென்சிலால் அ, ஆ என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். முதல் ஸ்லாட்டில் அ, பிறகு அதே ஸ்லாட்டில் ஆ, பிறகு இரண்டாம் ஸ்லாட்டில் இரண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இரண்டை மாற்றிவிட்டு எது காரணம் என்று தெரியாமல் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அ எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை, ஆ எங்கேயும் இல்லை: அ போய்விட்டது. எந்த ரேமைப் போட்டாலும் இரண்டாம் ஸ்லாட்டில் மட்டும் பிழை: ஸ்லாட் அல்லது மதர்போர்டு. முதல் ஸ்லாட்டில் பெரிய ரேம் ஒன்றைப் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் காலம் ஓட்டலாம். தனித்தனியாக நல்லது, சேர்த்தால் பிழை: இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஒரே ஜோடியாக வாங்குங்கள்.

எந்த ரேமை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை என்றால்?

டீச்சர் வீட்டுக்கு முதல் பஸ்ஸுக்கும் முந்தி, தெரிந்த ஒருவரின் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். ஐந்தரை மணி. வாயைத் திறந்தால் புகை. டெஸ்டைப் போட்ட ஆறாவது நிமிடம் திரையில் சிவப்பு வரி. ரேமை மாற்றினேன், சிவப்பு. ஸ்லாட்டை மாற்றினேன், சிவப்பு. டீச்சரின் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “வெயில் ஏறினா அதுவே சரியாகிடும் தம்பி” என்றார். அவர் சொன்னபடியே ஏழரை மணி வாக்கில் பிழை எண்ணிக்கை ஏறுவது நின்றுவிட்டது.

பழைய பவர் சப்ளைக்குள் இருக்கும், கரண்டைச் சீராக்குகிற கப்பாசிட்டர்கள் வயதாக ஆக உள்ளே காய்ந்து போகும். குளிரில் அவற்றின் உள்தடை இன்னும் ஏறும். அப்போது மதர்போர்டுக்குப் போகிற கரண்ட் சீராக இராமல் துடிக்கும். ரேம் அந்தத் துடிப்பைத் தாங்காமல் ஒன்றைப் பூச்சியமாக வாசிக்கும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் கப்பாசிட்டர் கொஞ்சம் தேறிக்கொள்ளும், மெஷின் மாலை வரை நல்ல பிள்ளை. 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழுகிற நாட்கள் உண்டு. அந்தக் குளிர் கொழும்புக் கடை மேசையில் எப்படி வரும்? என் கடை மேசையிலும் நண்பகலில் வரவில்லை.

கொண்டுபோயிருந்த வேறு பவர் சப்ளையை அன்றே மாட்டி, மறுநாள் காலை ஐந்தரைக்கு டீச்சரையே டெஸ்டைப் போடச் சொன்னேன். பூச்சியம். அதற்கடுத்த காலையும் பூச்சியம். ரேம் இரண்டும் முதலிலிருந்தே நல்லவை.

பவர் சப்ளை மாற்றியும் எல்லா இடத்திலும் பிழை என்றால் மிச்சம் மதர்போர்டும் புரொசசரும். மதர்போர்டில் உருளைக் கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். உப்பியிருந்தால் அந்தப் பழைய மெஷினில் இனிக் காசு போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வாங்குவதென்றால்

கழற்றிய ரேமைக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது ஏறாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்3-இல் மட்டும் கவனம்: 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு உண்டு, பார்க்க ஒரே மாதிரி. பல லேப்டாப்புகள் 1.35-ஐ மட்டுமே ஏற்கும். பழைய ரேம் வாங்கினால் டெஸ்ட் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரலாமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பவர் சப்ளை மாற்றுமுன் கனெக்டரைப் பாருங்கள். ஆபீஸ்களிலிருந்து கழிக்கப்பட்டு இங்கே வந்து விற்கப்படுகிற மெஷின்கள் சிலவற்றில் அது சாதாரண 24 பின் அல்ல, தயாரித்த கம்பெனியின் சொந்த அளவு. சாதாரணமானது மாட்டாது.

யுபிஎஸ் ஒன்று இருந்தால் நல்லது. இடிக்கு அது போதாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் மலைமேல் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள், ரூட்டருக்கு வருகிற வயரையும் சேர்த்து.

சரியான பிறகு ஒரு வேலை

கெட்ட மெமரியோடு ஓடிய காலத்தில் விண்டோஸின் சொந்த ஃபைல்களும் பழுதாகியிருக்கலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்எஃப்சி என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, முன்சாய்ந்த கோடு, அதை ஒட்டி ‘ஸ்கேன்நவ்’ என்று ஆங்கிலத்தில் அடித்து ஓட்டுங்கள். பழுதைத் தேடித் திருத்தும். உங்கள் சொந்த ஃபைல்களை அது பார்க்காது. அவற்றை நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும், முக்கியமாகக் கோளாறு இருந்த மாதங்களில் சேமித்தவற்றை.

டீச்சரின் மெஷினில் மூன்றாம் தவணை வினாத்தாள்கள் இரண்டு திறக்கவே இல்லை. பாடசாலை அலுமாரியில் அச்சுப் பிரதி இருந்தது. பார்த்துப் பார்த்து மறுபடி அடித்தார், காலை ஐந்தரைக்கு எழுந்து.